செவ்வாய்க்கிழமை வந்த இரண்டாவது டொக்டர்

ஒரே நாளில் இரண்டு டொக்டர்மாருக்கு எதற்காகக் காசு கட்ட வேண்டும்? போன மாதம் இந்தக் கேள்வியோடுதான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் நின்றேன். சண்டைக்குத் தயாராக!

உள்ளே என் கணவர் வீட்டுக்குப் போவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். மூச்சு முட்டுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை சேர்த்திருந்தோம். செவ்வாய் காலை நெஞ்சு டொக்டர் வந்து, சளி குறைந்துவிட்டது, நாளைக்குப் போகலாம் என்றார். அவ்வளவுதான். பில்லிலோ, அதே செவ்வாய்க்கு இன்னொரு டொக்டரின் விசிட்!

"பிள்ளை, இவர் வரவே இல்லை. நான் முழு நாளும் கட்டிலடியிலதான் இருந்தனான்."

கவுண்டரில் இருந்தவள் பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்த பிள்ளை. முகம் சுளிக்கவில்லை.

"அன்ரி, ஒரே டொக்டர் ரெண்டு தரம் வந்தா நாங்க ஒருக்காத்தான் போடுவம். இவர் இருதய டொக்டர். அதால தனியாப் போட்டிருக்கு. எதுக்கும் வார்ட்டில கேட்டுப் பாப்பம்."

கொஞ்ச நேரத்தில் வார்ட் நர்ஸே ஃபைலோடு வந்துவிட்டார்.

"ஓம் அன்ரி, டொக்டர் பின்னேரம் நாலு மணிக்கு வந்தவர். நீங்கள் கதிரையில நல்ல நித்திரை. எழுப்ப வந்தனான். அங்கிள்தான் வேண்டாமெண்டு கையைக் காட்டினவர். 'மூண்டு நாளா அவ கண் மூடேல்லை, மெல்லமாக் கதையுங்கோ' எண்டு டொக்டரிட்டயே சொன்னவர்."

அந்தப் பெரிய டொக்டரும் குனிந்து, காதோடு காதாகப் பத்து நிமிடம் பேசினாராம்.

"என்ன சொன்னவர்?"

நர்ஸ் தயங்கினார். "அங்கிள் உங்களுக்குச் சொல்லேல்லையா?"

பில்லைக் கட்டிவிட்டு வார்ட்டுக்குப் போனேன். அவர் கடைசிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ... நேற்றைக்கு இருதய டொக்டர் என்ன சொன்னவர்?"

கை அப்படியே நின்றது.

"ரத்தக் குழாயில அடைப்பு இருக்கலாமாம். கண்டிக்குப் போய்ச் சோதிக்கச் சொன்னவர்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் வீட்ட போய் ஒரு இரவாவது நித்திரை கொண்டாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

ஏசத்தான் வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்... நோயாளி யார், பார்க்க வந்தவர் யார் என்று பார்த்தவர்களுக்குக் குழம்பியிருக்கும்.

கண்டிக்குப் போனோம். அடைப்பு இருந்தது, எடுத்தும் விட்டார்கள். இப்போது கறியில் உப்பில்லை என்று என்னோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு நலம்.

பில்லைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்த டொக்டர் யார், எதற்கு வந்தார், என்ன சொன்னார்... எல்லாம் கேளுங்கள். காசுக்காக மட்டுமா கேட்கிறோம்? என் மனிதர் ஒரு முழு இரவு தனியாக எதைச் சுமந்துகொண்டு படுத்திருந்தார் என்பது, கேட்டதால்தானே எனக்குத் தெரிந்தது?

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் — எந்த டொக்டர் வந்தாலும் என்னை எழுப்பியே ஆகவேண்டும். அவரும் தலையாட்டியிருக்கிறார்... எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை!