கேட்டைத் தாண்டிய காணொளிகள்

காலை பத்து இருபதுக்கு மகளின் காணொளிகள் காணாமல் போயின.

கடலடியில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகளான பார்களில் அவளே முங்கி எடுத்தவை. மதியம் மூன்று மணிக்குத் தேர்வுக் குழுவிடம் காட்டினால்தான் ஆராய்ச்சிப் படிப்பில் இடம். அன்றும் முங்கப் போவதற்காக கேமரா கார்டை அழித்துவிட்டுப் படகேறியிருந்தாள். லேப்டாப்பில் இருந்ததுதான் ஒரே பிரதி.

ஒவ்வொரு பாருக்கும் ஒரு குறிப்புப் பக்கம் தனிக் கோப்பாக எழுதி வைத்திருந்தாள். காணொளிகளை மட்டும் அந்தப் பக்கங்களின் அருகே அவள் உருவாக்கி வைத்திருந்த காலி ஃபோல்டரில் சேர்த்துவிடச் சொல்லிப் போனாள். குறிப்புப் பக்கத்திலிருந்து அந்த ஃபோல்டருக்கு வழி கேட்டு, அந்த வழியே காணொளிகளை நகர்த்தும்படி பைத்தான் மொழியில் சிறிய நிரல் எழுதினேன். சேருமிடத்தில் ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கவும் சொல்லியிருந்தேன்.

எனக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டு வேலை. யார்டு கேட்டுக்குள் வந்த லாரிக்காரருக்கு, எந்தக் கண்டெய்னர் வரிசைக்குப் போகவேண்டுமென்று அவர் வண்டி நிற்கும் இடத்திலிருந்துதான் வழி சொல்வோம். வண்டியையே ஒரு வரிசையாக நினைத்து, அதிலிருந்து வெளியே வர ஒரு படியை யாரும் சேர்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வழியின் தொடக்கமாகப் பக்கத்தின் பெயரையே கொடுத்தேன்.

நிரல் பிழையின்றி ஓடி முடிந்தது. ஃபோல்டரைத் திறந்தால் காலி.

பைத்தான் சொன்ன வழியைப் பார்த்தேன். ஒரு படி மேலே ஏறி, பிறகு ஃபோல்டராம். பக்கமும் ஃபோல்டரும் அடுத்தடுத்து இருக்கையில் எதற்கு ஏற வேண்டும்? சோதனைக்கு, இல்லவே இல்லாத ஒரு பக்கத்தின் பெயரைக் கொடுத்தேன். அதற்கும் கூசாமல் வழி சொன்னது. இன்னும் எதையாவது தொட்டு அழித்துவிடுவேனோ என்று பயந்து, அந்தக் காலி ஃபோல்டரையே மூடி மூடித் திறந்தேன்.

“ஏளா, எத்தன தடவ தொறந்தாலும் காலி காலிதான். எந்திரிச்சு வா, சோறு ஆறுது” என்றார் கணவர்.

“பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல?” என்றேன்.

ஒரு மணிக்கு மேல் மகள் வந்தாள், தலையில் உப்புநீர் சொட்ட. நான் வாய் திறக்குமுன் முகத்தைப் பார்த்தே லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். நிரலை வாசித்தாள். பக்கங்களுக்கு ஒரு படி மேலே இருந்த வெளி ஃபோல்டருக்குப் போனாள். அங்கே அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர்; உள்ளே எல்லாக் காணொளிகளும்.

“எம்மா, குடுத்த பேரு பக்கமா ஃபோல்டரான்னு பைத்தான் பாக்காது. நீ குடுத்த பேரையும் ஒரு ஃபோல்டருன்னு எண்ணிட்டு. அதுக்குள்ள இருந்து வெளிய வரணும்னு ஒரு படி அதிகமா ஏறிட்டு.”

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அழுகை மட்டும் வந்தது.

“அழாதம்மா. உன் லாரிக்காரன் யார்டு கேட்டத் தாண்டி வெளிய போயி நிக்கான், அவ்வளவுதான். சரக்கு பத்திரமா இருக்கு. சோத்தப் போடு, மூணு மணிக்குப் போவணும்.”