வேப்பிலை கட்டிய வாசலில் நின்றவர்

டாக்டர் எஸ்தர் அம்மா மறைந்த செய்தியைக் காலடிப்பேட்டை பஸ் நிறுத்தத்துச் சுவரொட்டிதான் எனக்குச் சொன்னது. உடன் நின்ற பக்கத்து வீட்டுச் செல்வி, "யாருக்கா இது? தெர்ஞ்சவங்களா?" என்றாள்.

"எங்கியோ பாத்த மாரி கீது" என்றேன். என் உயிரைக் காத்தவரைப் பற்றி அப்படிச் சொன்னேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்தவர். கட்டியோடு அவர் முன் உட்கார்ந்த நான் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தேன். "நீங்க வெக்கப்பட வெக்கப்பட அது வளரும்மா" என்றார். மரத்துப்போக மருந்து போட்டு, மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ஊசிமுனையின் சூட்டால் அதைப் பொசுக்கினார். சில வாரம் கழித்துச் சின்ன அறுவையில் அதை எடுத்துவிடுவதாக ஏற்பாடு. வீட்டில் என் கணவருக்கு மட்டுமே உண்மை தெரியும்.

மறுநாளே காய்ச்சல் வந்தது, நெஞ்சு சிவந்தது. என் மாமியார் அம்மை என்று முடிவுகட்டி வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். நான் மறுக்கவில்லை. மார்பில் கேன்சர் என்பதைவிட ஆத்தா வந்திருக்கிறாள் என்பது கௌரவமாயிற்றே! டாக்டர் வரச்சொல்லியிருந்த ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை.

டாக்டர் அம்மாவே வீடு தேடி வந்துவிட்டார். "ஆத்தா எறங்கிகீறா. உள்ள வராதம்மா" என்றார் மாமியார். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாமியார் அப்பால் போனதும் ஜன்னலருகே வந்து மெதுவாகச் சொன்னார்:

"இது பயப்படுற காய்ச்சல் இல்லம்மா. வெந்த கட்டிய உங்க உடம்போட காவல்காரங்க வந்து பாக்குறாங்க. எதிரியோட அடையாளத்தக் கத்துக்கிட்டா, வேற எங்க ஒளிஞ்சிருந்தாலும் அவங்களே புடிப்பாங்களோ என்னமோ. எனக்கே உறுதியாத் தெரியாது. இப்ப ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும்."

தெருவே வேடிக்கை பார்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கேட்டது ஒரு ஊசி ரத்தம். அதற்குக்கூடக் கை நீட்டவில்லை. என் காவல்காரர்கள் விழித்தார்களா என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

அறுவை முடிந்து நான் தேறியபோது, "அந்த ரத்தம் இனிமே கிடைக்காது, போகட்டும். உங்க தெருவுல ஒரு பொம்பளகிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. அடுத்தவ மறைக்காம வருவா" என்றார். அதன்பின் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம், "சொன்னீங்களா?" என்பார். நானும் வருடக்கணக்காக, "சொல்றேன் டாக்டர்" என்று மழுப்பினேன்.

அடக்கத்துக்குப் போனபோது செல்வியும் ஒட்டிக்கொண்டாள். தேவாலய முற்றத்தில் நான் அழுததைப் பார்த்து, "எங்கியோ பாத்தவங்களுக்கா இப்டி அழுவுற?" என்றாள்.

சொன்னேன். "எனக்கு மாருல கேன்சரு இருந்துச்சு செல்வி. இவங்கதான் காப்பாத்துனாங்க."

"அப்ப அம்மைன்னியே? உனக்கோசரம் ஆடிக்குக் கூழு ஊத்துனேனேக்கா!"

வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் டாக்டர் அம்மாவின் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். "இப்ப சொல்லுக்கா, அவங்க காதுல உழுற மாரி" என்றாள்.

சொன்னீங்களா என்று கேட்பீர்களே, டாக்டர் அம்மா. சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.