பத்தாவது அடியில் வைத்த ஐஸ் பெட்டி

அன்று லைட்ஹவுஸ் குப்பத்தில் எண்ணி நான்கே பேர். நான், படகில் தனியாக வந்துகொண்டிருந்த என் மச்சான், மீன் வாங்க வந்த வியாபாரி அக்கா, கல்லூரி விடுமுறையில் அவளோடு வந்திருந்த மகள். மற்றவர்கள் எல்லோரும் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

படகை மணலுக்கு இழுக்க ஆள் இல்லை. மச்சான் கடலிலிருந்தே போன் செய்தான்.

"இழுக்கவே வேணாம் மச்சான். இருபது கிலோமீட்டர் வேகத்துல வந்து ஒரே ஏத்தா ஏத்திடுறேன். வழியில ஒண்ணும் இல்லாம பாத்துக்க."

வழியில் அக்காவின் ஐஸ் பெட்டி இருந்தது. வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. அது உடைந்தால் அவள் வியாபாரம் படுத்துவிடும்.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். படகு கரையேறும்போதெல்லாம் அலை தொடும் இடத்திலிருந்து அதன் மூக்கு எவ்வளவு தூரம் ஏறிற்று என்று காலடி வைத்து அளந்துவிடுவேன். இல்லாவிட்டால் தூக்கம் வராது. பத்து கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நாலடி ஏறும். இன்று இருபது. ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு இதுகூடவா வராது? இரண்டு மடங்கு, எட்டடி. என் பயத்துக்காக இன்னும் இரண்டு சேர்த்து, பெட்டியைப் பத்தாவது அடிக்கு நகர்த்தினேன்.

"இன்னாடா தம்பி, இன்னும் மேல தூக்கினு போயிடலாமா?" என்றாள் அக்கா.

"வேணாங்க்கா, அளந்துட்டேன். மேல வச்சா மீன நீதான் சுமக்கணும்."

"நீயே பயப்படலன்னா எனக்கின்னா பயம்?" என்று தள்ளி நின்றுகொண்டாள்.

மச்சான் வந்தான். கரை தொடும்போது இஞ்சினை அணைத்துத் தூக்கிவிட்டான். படகு எட்டடியைத் தாண்டியது. "நில்லு, நில்லு" என்று படகைப் பார்த்தே கத்தினேன். படாரென்று பெட்டி பிளந்து மணலெல்லாம் ஐஸ். படகு நின்ற இடத்தை அளந்தேன். பதினைந்து.

அக்கா மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணா, வேகம் ரெண்டு மடங்கானா அதோட சக்தி நாலு மடங்காயிடும். வேகத்த வேகத்தாலயே பெருக்கணும். அது அத்தனையும் மணல்ல தேஞ்சாதான் படகு நிக்கும். நாலடி ஏறுனது பதினாறு அடி ஏறும்."

"பதினஞ்சுலதானே நின்னுச்சு?" நான் விடவில்லை.

"மீதி ஒரு அடிய எங்கம்மா பொட்டி தின்னுடுச்சு."

அக்கா சிரிக்கவில்லை. "அவன் இருபதுன்னு சொன்னான், இருபதுலதான் வந்தான். வேகம் அவனுது, கணக்கு உன்னுது. தப்பு எதுலன்னு நீயே சொல்லு."

கணக்கில்தான் என்று ஒப்புக்கொண்டேன். மச்சான் திரும்பிக்கொண்டு இஞ்சினைத் துடைத்தான், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இப்போது பைக்கில் இருபதைத் தாண்டுவதில்லை. நாற்பதென்றால் நாலு மடங்கு, அறுபதென்றால் ஒன்பது மடங்கு என்று மனசு பெருக்க ஆரம்பித்துவிடுகிறது. "பழவேற்காடு போறதுக்குள்ள நண்டு செத்துடும்யா" என்று விற்க எடுத்துப்போகும் நண்டுக் கூடையோடு பின்னால் உட்கார்ந்து மச்சான் திட்டுவான்.

அக்கா அன்றைக்கே தவணையில் வேறு பெட்டி எடுத்துவிட்டாள். நாலாயிரம். வாரம் இருநூறாக நான் கட்டி வருகிறேன். பாக்கி ஆயிரத்து அறுநூறு.