வெள்ளகவிப் பாதையில் பாதித் தூரம்

முடக்குவாதத்தில் நான் வீட்டோடு கிடந்த நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து அக்கா போன் செய்யும்போதெல்லாம் ஒன்றையே சொல்லுவாள். "கொடைக்கானல்ல இருக்க. அந்தக் காத்தே மருந்துடி."

அந்தக் காற்றுதான் காலையில் என் விரல்களை மடக்கவிடாமல் செய்தது. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு சொல்லியிருந்தேன். பின்கட்டில் பேரிக்காய் மரம் பூத்து நின்றதைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னால் என் கணவர், "பனி ஏறும். நாளைக்கு நீதான் அழுவ," என்பார். சொந்த ஊரிலேயே சுற்றுலா வந்தவள் மாதிரி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சில நாள் அவர் கம்பளியைச் சுற்றி மரத்தடியில் கொண்டுபோய் உட்கார வைப்பார். கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். மேகம் இறங்கியதும் அவரே தூக்கி நிறுத்தி உள்ளே கூட்டி வந்துவிடுவார். இன்னும் கொஞ்சம் இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டு ஜெயித்ததில்லை.

மருந்து மாற்றிய பிறகு வீக்கம் வடிந்தது. "நோய் அடங்கியிருக்கு, நடங்க," என்றார் மதுரை டாக்டர். மறுவாரமே சர்ச்சில் பூசை முடிந்ததும், மலைக்குக் கீழே இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கலாம் என்றேன். முன்பெல்லாம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே போய் வந்த ஒற்றையடிப் பாதை அது. கணவர் டாக்சி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சவாரியை விட்டுவிட்டு வந்தார்.

ஏற்றத்தைவிட இறக்கம் முழங்காலைக் கொல்லும் என்பதை மறந்திருந்தேன். வேர்களுக்கு மேல் ஒவ்வோர் எட்டும் பயந்து வைத்தேன். பாதை தொடங்கும் வட்டக்கானல் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே மூச்சு வாங்கியது. சோலைக்காட்டு ஓரமாக ஒரு பாறை வரை போனதும் அவர் நின்றுவிட்டார்.

"போதும். திரும்ப ஏறணும்ல."

"நீங்க போதும் போதும்னு சொல்றதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் போதும்னு ஆயிருச்சுங்க. ஊரைப் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"ஒன்னைய விட்டுட்டு நான் எங்க போக?"

அவர் கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குக் கண்ணீர் வந்தது, கோபத்தில்தான். அப்போது தலைக்கு மேலே கிளை ஆடிப் பழத்தோல் விழுந்தது. ஒரு மலை அணில், நீளமான வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எங்களைக் கண்டுகொள்ளாமல் தின்றுகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்து, மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அது அடுத்த மரத்துக்குத் தாவும்வரை இருவரும் அண்ணாந்தே இருந்தோம். நோய் வந்த நாளிலிருந்து முதல்முறையாக உடம்பை மறந்திருந்தேன் என்பது, எழுந்து நிற்க முயன்றபோதுதான் தெரிந்தது. கால் ஒத்துழைக்கவில்லை.

அவர் தோளைப் பிடித்துத்தான் மேலே ஏறினேன். அந்த வாரம் முழுக்க முழங்கால் வீங்கிக் கிடந்தது. நான்தான் அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீக்கம் குறைந்ததும் மறுபடி போனோம், அதற்குப் பிறகும் போனோம். சில தடவை பாறையைத் தாண்டுவேன், பல தடவை தாண்ட முடியாது. நோய்க்குப் பிறகு வெள்ளகவியை இன்னும் பார்க்கவில்லை. கீழே இறங்குகிறவர்கள் எங்களைக் கடந்து போகும்போது வயிறு எரிகிறது. அவர்கள் சத்தம் அடங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு மரத்தைப் பார்க்கிறேன்.