சல்யூட் அடித்து முழுகிய கப்பல்

கல்யாணப் பேச்சு எழுந்த அன்றைக்குத்தான் அந்தப் பெயர் அவள் காதில் முதன்முதலாக விழுந்தது. சொன்னவன் அவளுடைய அண்ணன், தையற்காரன். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே, "யாரு, அந்த மிதவையா? கப்பலோட எல்லாரும் முழுகிட்டாங்க, இவர் மட்டும் மிதந்து வந்துட்டாரு. கெட்டிக்கார மாப்பிள்ளைதான்" என்று சிரித்தான்.

அப்பா அவன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. கல்யாணம் நடந்தது. அந்தப் பெயர் மட்டும் விட்டுப் போகவில்லை. மகள் பிறந்த வீட்டிலும் "மிதவை", சித்தப்பா செத்த வீட்டிலும் "மிதவை". சின்ன மாமா பிள்ளைகள்வரைக்கும் பழகிவிட்டார்கள். போர்க்கப்பலில் சமையற்காரராக இருந்து, பிற்பாடு ஆலை கேன்டீனில் கரண்டி பிடித்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். குண்டு பட்டுக் கப்பல் சாய்ந்தபோது கேப்டனே, "குதிங்கடா, எல்லாரும் குதிங்க" என்று கத்தினாராம். தயங்கி நின்ற இவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாராம். அந்தக் கேப்டன் திரும்பவில்லை. கூடக் குதித்துப் பிழைத்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது?

அந்தக் கப்பலைப் பற்றியே படம் வருகிறது என்றதும் மனுஷனுக்குப் பத்து வயது குறைந்தது. மகளின் போனில் டிரெய்லரைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

"புகை சரியா இருக்கு. அலைதான் ரொம்ப அழகா இருக்கு. அன்னைக்கு இவ்வளவு அழகா இல்லை."

"எல்லாம் கிராபிக்ஸ்ப்பா."

"எதுவா வேணா இருக்கட்டும். கேப்டன் சொல்றது வந்துடும்ல?"

அவள்தான் ஒரு வரிசை முழுக்க டிக்கெட் எடுக்கச் சொன்னாள். அண்ணன், அண்ணி, சின்ன மாமா வீட்டார், ஒருத்தர் விடாமல் வரவேண்டும். காதாரக் கேட்கட்டும், அதோடு அந்தப் பெயர் ஒழியட்டும்.

படத்தில் கப்பல் சாய்ந்தது. கேப்டன் குதிக்கச் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சல்யூட் அடித்தான். தளத்தில் இருந்த அத்தனை பேரும் சல்யூட் அடித்தபடியே முழுகினார்கள். தண்ணீர், கழுவிய கண்ணாடி மாதிரித் தெளிந்து நீலமாக இருந்தது. பாட்டு வேறு.

"எண்ணெயே இல்லையே" என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல. "தண்ணி மேல கப்பல் எண்ணெய்தானே மிதந்துச்சு..."

அண்ணன் தலையை நீட்டினான். "எல்லாரும் நிக்கிறாங்க, நம்ம மாப்பிள்ளையைக் காணோமே! முன்னாடியே மிதக்கப் போயிட்டாரா?"

வரிசையே சிரித்தது.

அவள் திரையைப் பார்த்தாள். கப்பல் தளத்தில் முன்வரிசையில் நின்றவனே பின்வரிசையிலும் நின்றான், அதே கோணல் தொப்பியோடு. எழுந்துவிட்டாள்.

"அண்ணே, நீ தைக்கிறவன்தானே? கண்ணைத் திறந்து பாரு. இத்தனை காத்துல ஒருத்தன் சட்டையாவது அசையுதா? ஒரே ஆளைப் பத்துப் பேரா ஒட்டி வச்சிருக்கான். பொம்மைடா அதெல்லாம்! பொம்மைக்குக் குதிக்கத் தெரியுமா? எம் புருஷன் மனுஷன், குதிச்சாரு!"

அண்ணனை அவள் 'டா' போட்டது அதுவே முதல் தடவை.

"உக்காரும்மா, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மறைச்சா என்னய்யா? பாக்க என்ன இருக்கு?"

"கோடி கோடியாக் கொட்டி எடுத்தவன் பொய்யா காட்டுவான்?" என்றான் அண்ணன்.

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "விடு, உக்காரு."

"நீங்க உக்காந்து உக்காந்துதான் அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. எந்திரிங்க!"

அவர் எழுந்தார். "மச்சான், கேப்டன் குதின்னாரு, குதிச்சேன். இனிமே அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டா, உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"படத்துல அப்படி வரலையே, மிதவை" என்றான் அண்ணன்.

இருவரும் எல்லாருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அண்ணன் வீட்டுக்கு அதன்பிறகு இருவரும் போகவில்லை. அவர் இப்போது அவளோடு, அந்தப் பெயர் எட்டாத மகள் வீட்டு மாடியறையில் இருக்கிறார்.