ஏழாவது ஆளாக இறங்கிய அண்ணன்

எங்கள் அண்ணனைப் பற்றிக் கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதிக் கதையில் அவர் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார், மீதியில் திட்டிக்கொண்டிருப்பார். முதலாண்டு நினைவு நாளுக்கான இந்த மலரில் அவரை மகானாக்கிவிட வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். தங்கை எழுதும்போது அந்தக் கவலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அண்ணன் வடக்குப்பட்டில் பிறந்தார். அப்போது அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு லாரி. செங்கல்லும் நெல் மூட்டையும் ஏற்றி, ராப்பகல் பாராமல் உழைத்து அதை ஒரு தொழிலாக்கினார் அப்பா. காஞ்சிபுரத்தில் கல்லூரிப் படிப்பு முடித்த கையோடு அண்ணனும் அதில் வந்து சேர்ந்தார். சேர்ந்தார் என்பதைவிட உட்கார வைக்கப்பட்டார் என்பதுதான் சரி. ஒரே ஆண்பிள்ளை, வேறு வழியில்லை. ஆனாலும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் கம்பெனி வந்தது. இனி சரக்கைவிட ஆட்களை ஏற்றுவதுதான் தொழில் என்று அண்ணன் பழைய பஸ்களை வாங்கினார். அப்பா கொஞ்ச நாள் அவருடன் பேசவே இல்லை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பஸ் நிறைந்து ஓடத் தொடங்கிய பிறகுதான் பேசினார். மழையோ கடையடைப்போ, எங்கள் வண்டி வரவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. அப்பாவுக்கு அதில்தான் பெருமை.

அந்த பஸ்களில் வந்தவர்களில் பலர் தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகள். வாடகை அறையில் பத்துப் பேராகத் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் பஸ் நிறுத்தும் இடத்தில் பந்து உதைப்பார்கள். ஒருநாள் பஸ்ஸின் முன்கண்ணாடி போயிற்று. அடிக்கப் போன அண்ணன், ஆட்டம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தார். அன்று பிடித்தது அவருக்கு அந்தக் கிறுக்கு. சென்னை லீக்கில் கடைசிப் பிரிவில், நடத்த ஆளில்லாமல் கிடந்த ஒரு கால்பந்து கிளப்பைத் தேடிப்பிடித்து வாங்கினார். லாரிக்காரர் மகன் கிளப் முதலாளி ஆனார். பந்தை அதுவரை அவர் காலால் தொட்டதில்லை.

முதல் ஆட்டத்துக்கு, புது வண்டிக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தார்கள். பந்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். எங்கள் டிரைவர் கோலுக்கு முன்னால் திருஷ்டிப் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். சிதறியதைப் பாதிதான் பொறுக்கினார்கள். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் எங்கள் கோல்கீப்பர் அதில் வழுக்கி விழ, பந்து சாவகாசமாக உள்ளே போயிற்று. ஊரே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“நம்ம வண்டி வர்லன்னு எவனாச்சும் பேசிக்கிறானா? உன் டீமு ஒரு நாளு ஆள் இல்லாம நின்னுச்சுன்னா, அன்னிக்கே இழுத்து மூடிடணும். இன்னா சொல்ற?” என்றார்.

“சரிப்பா” என்றார் அண்ணன்.

சொல்லிவிட்டாரே தவிர, அது லேசான காரியமில்லை. நன்றாக ஆடுகிறவர் யார் என்று பார்த்து அவரால் அணி அமைக்க முடியாது. இந்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பார்த்துத்தான் அமைக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் கோல் கம்பத்தில் சாய்ந்து தூங்கியதும் உண்டு. எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்க, ஆட்டம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் திடீரென ஓவர்டைம் வேலை போட்டுவிட்டார்கள். அணியில் பலர் காலை ஷிஃப்டுக்கு உள்ளே போயிருந்தார்கள். கேட்டில் பஸ்ஸோடு காத்திருந்த அண்ணனிடம் அணித்தலைவர் அந்தோணி ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. எல்லாரும் விட்டுட்டு வந்துருதோம்.”

எல்லோரும் டிரெய்னிகள். வெளியே வந்தால் மறுநாள் வேலை இருக்காது. வராவிட்டால் கிளப் இருக்காது. ஏழு பேராவது இறங்காவிட்டால் ஆட்டமே இல்லை, வரவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

“வேலய வுட்டுட்டு வந்து பந்தையா துன்னப் போற? போ, லைன்ல நில்லு போ” என்று அனுப்பிவிட்டார் அண்ணன்.

அன்று சென்னையில் மைதானத்தில் அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஓவர்டைம் சேதி தெரிந்து, பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றே அப்பா வந்திருந்தார். பஸ்ஸிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். ஏழாவதாக அரை டிரவுசரும் பனியனுமாக, தொப்பையைத் தள்ளிக்கொண்டு அண்ணன் இறங்கினார். பதிவு செய்யும்போது ஒப்புக்குத் தன் பெயரையும் ஆட்டக்காரராகக் கொடுத்து வைத்திருந்தாராம்.

“இன்னாடா இது வேஷம்?” என்றார் அப்பா.

“ஆள் வந்துக்கீதுப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எத்தனை கோல் வாங்கினோம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணனிடம் பந்து வந்ததைவிட அவர் மேல் பட்டதுதான் அதிகம். கடைசி விசில்வரை வெளியே வரவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. திரும்பும்போது அப்பா, “ராவுக்கு முட்டிக்கு எண்ண தேய்ச்சிக்கினு படு” என்றார். மூடுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

அதன்பின் நாலைந்து ஆண்டுகள் கிளப் நடந்தது. ஒருமுறை மேல்பிரிவுக்கும் போய், அடுத்த ஆண்டே இறங்கி வந்தது. கிளப்புக்கு முன்னால் அண்ணனின் இதயம்தான் தளர்ந்தது. மருத்துவமனைக் கட்டிலில் எங்களைக் கேட்டதெல்லாம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதைத்தான். வலிக்கிறது என்று சொல்லாமலே போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

காரியத்துக்கு முன்பே ஓர் ஆட்டம் வந்தது. “சாவு வூடு. வர்லன்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றார் தாய்மாமா. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. “ஆளுங்க போவட்டும்” என்றார் அப்பா. அன்று பாதிப் பேருக்கு ஷிஃப்ட் இருந்தது. மாலையில் பஸ் வாசலில் வந்து நின்றதும் அப்பா எழுந்து போய் அந்தோணியிடம், “எத்தினி பேர் போனீங்க?” என்று கேட்டார்.

“பதினோரு பேரும் போனோம்யா.”

மகனைத் தூக்கிப் போனபோது அழாத அப்பா அப்போது அழுதார். ஜெயித்தார்களா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பிள்ளைப்பாக்கம் உறவினர்களுக்கும், பஸ்களை ஒருநாளும் நிறுத்தாத டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இன்னும் சிலர் இருக்கிறார்கள். அன்று பதினோரு பேரும் போவதற்காக, தங்கள் ஷிஃப்டை முடித்துவிட்டு ஆட்டக்காரர்களின் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள். பந்தாட்டத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயர் கேட்டால் அந்தோணி சிரித்து மழுப்புகிறார். அதனால் இந்த மலரை எல்லா ஷிஃப்ட் பஸ்களிலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. சீட்டில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான் என்றால், எங்கள் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிட வாருங்கள்.