கைப்பிடிக்கு மேலே ஒரு விரற்கடை

கண்டெய்னர் யார்டில் சீல் பார்ப்பது என் வேலை. ட்ரெய்லர் உள்ளே வரும்போது கதவில் பூட்டிய சீலின் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்து வருடமாக இதையே செய்கிறவனுக்குப் பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்க வராது. "வூட்லயும் சீல் பாக்குறியா நீ?" என்பாள் மனைவி. சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், எண்ணூர் சாலையில் ட்ரெய்லருக்கு ஒதுங்கப் போய் என் பைக் பள்ளத்தில் இறங்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான். வண்டியில் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் வலது பைப் வளைந்துவிட்டது. திங்கள் காலை ஆறு மணிக்கு நான் யார்டு கேட்டில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்பிக் கிளம்ப முடியாது. காண்ட்ராக்ட் வேலை வேறு. இரண்டு நாள் போகாவிட்டால் மூன்றாம் நாள் என் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, ராயபுரத்தில் ரயில்வே மதிலை ஒட்டியிருக்கும் மெக்கானிக் கடையில் இறக்கினேன். கடைக்காரன் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன். அவன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமானை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, "பாத்துக்கோங்க சார்" என்று வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவான். தோஸ்துகளுக்கு மட்டும் கவர் கிடையாது. எனக்கு அவன் கொடுத்ததே இல்லை, நானும் கேட்டதில்லை.

சக்கரத்தைக் கழற்றிக் குனிந்து பார்த்தான். "ரெண்டு பைப்பும் பூட்ச்சு மாமு."

"லெஃப்ட் நல்லாத்தான கீது?"

"உன் கண்ணுக்கு நல்லாத்தான் கீது. இந்த மாடல் பைப்பு ஆர்டர் போட்டா வர பத்து நாளாவும்."

"பத்து நாளா? வேலயே பூடும்டா."

கடையின் பின்பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "வேற மாடல் பைப்பு போட்டுத் தரேன். தடிப்பு ஒண்ணுதான், நீளம் மட்டும் ஒரு வெரலு ஜாஸ்தி. மேல தூக்கி டைட் பண்ணிட்லாம். அடிப் பாகம் உன்னுதே."

டீ சொல்ல அவன் எழுந்து போனான். என் மகளின் நெயில் பாலீஷ் எப்போதும் என் பையில் இருக்கும், யார்டில் அடையாளம் வைக்க உதவும். பழைய பைப் இரண்டிலும் கைப்பிடிக்குக் கீழே ஒவ்வொரு சிவப்புப் புள்ளி வைத்தேன். யாரைச் சந்தேகப்பட்டு என்று அப்போது கேட்டிருந்தால், வேலைப் பழக்கம் என்றிருப்பேன்.

ஞாயிறு மாலை வண்டி தயார். சொன்னபடியே இரண்டு பைப்பும் கைப்பிடிக்கு மேலே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தன.

"யார் வண்டிதுடா இது?"

"கெட்ச்சுது, வுடு."

"என் பழசு?"

"உள்ள கீது. அப்பால தரேன்."

முகம் பார்க்காமல் சொன்னான். எண் அழிந்த சீலைப் பார்ப்பதுபோல அந்த பைப்புகளைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

திங்கட்கிழமை கேட்டில் ஒரு ட்ரெய்லர் டிரைவர் என் வண்டியைக் குனிந்து பார்த்தார். "இன்னா நைனா, கொம்பு மொளச்சிகீது? வேற வண்டி பைப்பாச்சே. உன் ஒர்ஜினல எவன் ஏத்திகினான்?" அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நல்ல இடது பைப்பை எதற்குக் கழற்றினான்? உற்பத்தி நின்றுபோன மாடல், அதைத் தேடி வாங்க ஆள் இருப்பான். போட்டிருக்கும் பைப் திருட்டு வண்டியுடையது என்றால் போலீஸ் என்னைத்தானே பிடிக்கும்? வண்டி நேராகத்தான் ஓடியது. ஆனாலும் இடதுபக்கம் இழுப்பதாக என் கை சொல்லிக்கொண்டே இருந்தது. முப்பது வருடப் பழக்கத்தை மூன்று நாளில் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பள்ளியில் அவன் என் காம்பஸ் பெட்டியை வாங்கித் திருப்பித் தராததுகூட ஞாபகம் வந்தது.

புதன் மதியம், அவன் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துப் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்து பின்பக்கம் போனேன். சுவரோரம் தார்ப்பாய் மூடிய ஒரு வண்டி. தார்ப்பாயைத் தூக்கினேன்.

அவன் வண்டி. தினமும் விம்கோ நகரிலிருந்து அவன் ஓட்டி வரும் வண்டி. முன்சக்கரம் இல்லை, ஃபோர்க் பைப் இல்லை, எஞ்சினுக்கு அடியில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. பக்கத்திலேயே என் பைப் இரண்டும் படுத்துக் கிடந்தன, சிவப்புப் புள்ளியோடு.

அப்போதாவது நான் திரும்பியிருக்கலாம். இடது பைப்பை எடுத்துச் சிமெண்டுத் தரையில் உருட்டினேன். அது தடுக்கித் தடுக்கி உருண்டது. வளைந்துதான் இருந்தது.

"சீல் நம்பரு கரீட்டா கீதா?"

பின்னால் டிபன் பாக்ஸோடு நின்றிருந்தான். வீட்டுக்குப் பஸ்ஸில் போய்ச் சாப்பாடு எடுத்து வந்த வியர்வை சட்டையில் ஊறியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. சிவப்புப் புள்ளியையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "ஏன்டா சொல்லல?" என்றேன், குற்றம் அவனுடையது போல.

"சொன்னா வாங்கிகினு பூட்ருப்பியா நீ?"

மன்னிப்புக் கேட்டேன். "வுடு, சாப்புடு" என்று டிபன் பாக்ஸைத் திறந்தான். பாதியைச் சாப்பிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் என் மாடல் பைப் வந்தது. மாற்றிக்கொள்ளப் போனபோது ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க சார்" என்றான். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வேலை முடிந்ததும், கழற்றிய பழைய ஆயில் சீல், வாஷர், நட்டு எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தான்.

"பாத்துக்கோங்க சார்."